வீட்டில் பெட்ரோல் இருப்பு வைப்பதென்றால்: எவ்வளவு, எதில், எங்கே

புயல் எச்சரிக்கை வந்த அன்று மாலை எந்தப் பெட்ரோல் பங்குக்குப் போனாலும் ஒரு காட்சியைப் பார்க்கலாம். வண்டி வரிசைக்குப் பக்கத்திலேயே இன்னொரு வரிசை. கையில் தண்ணீர் பாட்டில், சமையல் எண்ணெய் வந்த பிளாஸ்டிக் கேன், ஒரு சிலரிடம் பெயின்ட் வாளி. ஊழியர் தர மறுப்பார், இவர் கெஞ்சுவார், பின்னால் நிற்பவர் ஹாரன் அடிப்பார். எப்படியோ வாங்கி வந்துவிட்டால் அந்தப் பாட்டில் நேராகப் போய்ச் சேரும் இடம் மாடிப்படிக்குக் கீழே, மின்மீட்டர் பெட்டிக்கு நேர் அடியில்.

பயம் காரணமில்லாதது என்று சொல்ல மாட்டேன். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தபின் டெல்டா மாவட்டங்களின் பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. ஜெனரேட்டரை வண்டியில் ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாக வந்து, மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றிக் கொடுப்பதே ஒரு தொழிலாக ஆனது. 2024 ஜனவரி முதல் வாரத்தில் லாரி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது ஹைதராபாத்திலும் வட மாநிலங்களிலும் பங்குகளில் கிலோமீட்டர் கணக்கில் வரிசை நின்றது. இலங்கையில் நடந்ததோ இதையெல்லாம் தூக்கிச் சாப்பிடும்: 2022 ஜூன் 27 அன்று, ஜூலை 10 வரை அத்தியாவசியச் சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசே அறிவித்தது. அதன்பின் க்யூஆர் குறியீட்டைக் காட்டி அளவோடு வாங்கும் பங்கீட்டு முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லிட்டர், முச்சக்கர வண்டிக்கு 5 லிட்டர், காருக்கு 20 லிட்டர். அந்த முறை 2023 செப்டம்பர் 1 வரை நீடித்தது.

ஆக, கொஞ்சம் கையிருப்பு வேண்டும் என்று நினைப்பதில் தவறில்லை. ஆனால் பெரும்பாலான வீடுகளுக்குத் தனியாகக் கேனே தேவையில்லை என்பது என் முடிவு. தேவைப்படும் சில வீடுகளும் குறைவாக, உலோகக் கேனில், வீட்டுக்கு வெளியே வைத்து, பழசாகவிடாமல் பயன்படுத்தி மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். எப்படி என்று ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

முதல் படி: உண்மையிலேயே தேவையா?

உங்களிடம் இருப்பது ஒரு பைக் மட்டும்தான் என்றால் கேன் வாங்கும் எண்ணத்தை இங்கேயே விட்டுவிடலாம். நூறு சிசி பைக் லிட்டருக்கு ஐம்பது கிலோமீட்டர் ஓடும் என்று வைத்துக்கொண்டால், பத்து லிட்டர் டேங்க் நிறைந்திருந்தாலே ஐந்நூறு கிலோமீட்டர். தினம் இருபது கிலோமீட்டர் வேலைக்குப் போய் வருகிறவருக்கு அது மூன்று வாரத்துக்கு மேல் வரும். வண்டியின் டேங்க் என்பது பெட்ரோல் வைப்பதற்கென்றே பொறியாளர்கள் உட்கார்ந்து வடிவமைத்த பாத்திரம். நீங்கள் கடையில் வாங்கப்போகும் எந்தக் கேனும் அதைவிடப் பாதுகாப்பாக இருக்கப்போவதில்லை.

அதனால் முதல் பழக்கம் இதுதான்: அக்டோபர் பிறந்துவிட்டால் டேங்க்கைப் பாதிக்குக் கீழே இறங்க விடாதீர்கள். ரிசர்வ் வந்தபின் நூறு ரூபாய்க்குப் போடுகிற பழக்கத்தை வடகிழக்குப் பருவமழை முடியும்வரை தள்ளி வையுங்கள். செலவு கூடாது, அதே பெட்ரோலைத்தான் கொஞ்சம் முன்கூட்டி வாங்குகிறீர்கள். கூடவே வீட்டில் கொஞ்சம் ரொக்கமும் வையுங்கள். புயலுக்குப் பிறகு செல்போன் கோபுரம் படுத்துவிட்டால் பங்கில் பெட்ரோல் இருந்தாலும் ஜிபே வேலை செய்யாது.

தனியாக இருப்பு வைக்க நியாயமான காரணம் உள்ளவர்கள் யார்? வீட்டில் பெட்ரோல் ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள். ஆக்சிஜன் கருவியில் இருக்கும் நோயாளி உள்ள வீடு. ஃபைபர் படகின் வெளிப்புற எஞ்சினுக்கோ, வயலில் மருந்து தெளிக்கும் கருவிக்கோ, புல்வெட்டிக்கோ பெட்ரோல் ஊற்றுகிறவர்கள். பங்கு இருபது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மலைக்கிராமத்தவர்கள்.

ஜெனரேட்டர்காரர்களுக்கு ஒரு கணக்கு. சிறிய வீட்டு ஜெனரேட்டர் சுமையைப் பொறுத்து மணிக்கு முக்கால் லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை குடிக்கும். நாள் முழுக்க ஓட்ட வேண்டியதில்லை. காலையில் ஒரு மணி நேரம் மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்றிக்கொண்டு, அந்த நேரத்திலேயே போன், எமர்ஜென்சி விளக்கு எல்லாவற்றையும் சார்ஜ் செய்து, ஃபிரிட்ஜையும் குளிரவைத்துக்கொள்ளலாம். மாலையில் இன்னொரு மணி நேரம். இப்படி ஓட்டினால் பத்து லிட்டர் நாலைந்து நாளுக்குத் தாக்குப்பிடிக்கும். அதற்குள் எங்காவது ஒரு பங்கு திறந்துவிடும்.

இரண்டாம் படி: சட்டம் என்ன சொல்கிறது

இந்தியாவில் இதற்கு 1934ஆம் ஆண்டின் பெட்ரோலியம் சட்டம் இருக்கிறது. தீப்பற்று வெப்பநிலை, அதாவது பற்றக்கூடிய அளவு ஆவி கிளம்பத் தொடங்கும் வெப்பநிலை, 23 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உள்ளவை ‘ஏ’ வகுப்பு. பெட்ரோல் அந்த வகுப்பில் வருகிறது. சட்டத்தின் 8ஆவது பிரிவின்படி, விற்பனைக்கு அல்லாமல் சொந்த உபயோகத்துக்கு மொத்தம் 30 லிட்டர் வரை உரிமம் இல்லாமல் வைத்துக்கொள்ளலாம். இறுக மூடக்கூடிய கண்ணாடி, பீங்கான் அல்லது உலோகப் பாத்திரத்தில் இருக்க வேண்டும். கண்ணாடியும் பீங்கானும் ஒரு லிட்டருக்கு மேல் கூடாது, உலோகம் 25 லிட்டருக்கு மேல் கூடாது.

அந்தப் பட்டியலை இன்னொரு முறை பாருங்கள். பிளாஸ்டிக் அதில் இல்லை. பங்கில் ‘பாட்டில்ல தர மாட்டோம்’ என்று சொல்லும் ஊழியர் உங்களிடம் வம்பு செய்யவில்லை. ஊரில் பதற்றம் இருக்கும் நாட்களில் சில்லறையாகப் பெட்ரோல் கொடுக்கவே கூடாது என்று காவல்துறையும் சொல்லிவிடும். அப்போது உலோகக் கேனோடு போனாலும் கிடைக்காது.

‘விற்பனைக்கு அல்லாமல்’ என்ற சொல் முக்கியம். தட்டுப்பாடு வந்த மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுக்காரருக்கு லிட்டர் இருநூறு என்று கொடுத்தால் இந்த விலக்கு உங்களுக்குக் கிடையாது.

வண்டியோ எஞ்சினோ வைத்திருப்பவர்களுக்கு 9ஆவது பிரிவில் இன்னும் கூடுதலான அளவுக்கும் இடம் உண்டு. ஆனால் 30 லிட்டரைத் தாண்டினால் ஆட்கள் வசிக்கும், வேலை செய்யும் அறைகளோடு தொடர்பில்லாத தனி இடத்தில் வைக்க வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. சாதாரண வீட்டுக்கு அந்த அளவு வேண்டாம். நான் சொல்வது பத்து லிட்டர், ஜெனரேட்டர் இருந்தால் அதிகபட்சம் இருபது. சட்டம் முப்பது என்று சொல்வதால் முப்பதையும் நிரப்ப வேண்டும் என்று கட்டாயமில்லை.

லண்டன் பக்கம் இருக்கும் உறவினர்களுக்கு அங்கே வேறு விதி. அங்கும் மொத்தம் 30 லிட்டர்தான், ஆனால் தரச்சான்று பெற்ற பிளாஸ்டிக் கேனில் 10 லிட்டர் வரையும் உலோகக் கேனில் 20 லிட்டர் வரையும் வைக்கலாம். இலங்கையில் 2022இல் கேன்களில் எரிபொருள் நிரப்பிக் கொடுப்பதற்குக் கட்டுப்பாடு வந்தது. தட்டுப்பாடு வந்தபின் கேன் வாங்க ஓடினால் என்ன ஆகும் என்பதற்கு அது ஒரு பாடம்.

மூன்றாம் படி: கேன்

பெரிய ஊர்களின் ஹார்டுவேர் கடைகளிலும் ஆன்லைனிலும் 5, 10, 20 லிட்டர் அளவுகளில் இரும்பு ஜெர்ரி கேன் கிடைக்கிறது. இராணுவப் பச்சை நிறத்தில், பக்கவாட்டில் பெருக்கல் குறி போல அழுத்தம் விட்ட கேன். 1930களில் ஜெர்மன் இராணுவத்துக்காக உருவானது. பிரிட்டிஷ்காரர்கள் அதைப் பார்த்து அப்படியே நகலெடுத்தார்கள். இத்தனை ஆண்டுகள் கழித்தும் பெரிதாக யாரும் மாற்றவில்லை என்றால் காரணம் இருக்கிறது. அந்தப் பெருக்கல் குறி அலங்காரத்துக்கு அல்ல; உள்ளே அழுத்தம் கூடும்போது தகடு கொஞ்சம் விரிந்து கொடுக்க அது உதவுகிறது. கைப்பிடிப் பக்கம் உள்ள மேடு, கேன் நிறைந்தாலும் கொஞ்சம் காற்று மிஞ்சும்படி அமைந்தது.

இருபது லிட்டர் கேனை வாங்க வேண்டாம். பெட்ரோல் மட்டுமே பதினைந்து கிலோ, இரும்பையும் சேர்த்தால் இருபது கிலோவை நெருங்கும். அதைத் தூக்கி ஜெனரேட்டரின் சின்ன வாய்க்குள் சாய்த்து ஊற்றிப் பாருங்கள், பாதி தரையில்தான் போகும். ஐந்து லிட்டரில் இரண்டு என்பது பத்து லிட்டரில் ஒன்றைவிட நல்லது. ஒன்று கசிந்தாலும் இன்னொன்று மிஞ்சும்.

வாங்கும்போது மூடியின் உள்ளே உள்ள ரப்பர் வாஷரைப் பாருங்கள். இப்போது நமக்குக் கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. 2022இல் பத்து சதவீதத்தை எட்டிய கலப்பு, 2025இல் இருபதுக்கு வந்துவிட்டது. மட்டமான ரப்பர் எத்தனாலில் ஊறி உப்பும், பிறகு விரிசல் விடும். தண்ணீர் ஊற்றி ஒரு ராத்திரி கவிழ்த்து வைத்துக் கசிவு பாருங்கள், அப்புறம் வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகே பெட்ரோல். உள்ளே ஈரம் இருந்தால் எத்தனால் அதை இழுத்துக்கொள்ளும். ஒரு லிட்டருக்கு மேல் கொள்ளும் பாத்திரம் நாக்பூரில் தலைமையகம் உள்ள பெசோ எனும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு ஏற்ற வகையாக இருக்க வேண்டும் என்பதும் விதி. வாங்கும் முன் விற்பவரிடம் அந்த ஒப்புதலைக் கேளுங்கள்.

கேனில் சிவப்புப் பெயின்டால் ‘பெட்ரோல்’ என்று பெரிதாக எழுதுங்கள். இது சின்ன விஷயம் போலத் தெரியும். மண்ணெண்ணெய் புழங்கும் வீட்டில் அப்படியில்லை. மண்ணெண்ணெய் என்று நினைத்து ஸ்டவ்விலோ சிம்னி விளக்கிலோ பெட்ரோலை ஊற்றிப் பற்றவைத்தால் அது எரியாது, வெடிக்கும்.

அப்புறம், பெட்ரோலை ஒருபோதும் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் வைக்காதீர்கள். குழந்தைகள் குடித்துவிடுவார்கள். நம் ஊர் அரசு மருத்துவமனைகளின் குழந்தைகள் பிரிவில் மண்ணெண்ணெய் குடித்துவிட்டு வரும் பிள்ளைகள் புதிதல்ல, பெட்ரோலும் அதே கதைதான். அப்படி நடந்தால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. வயிற்றில் இருப்பதைவிட நுரையீரலுக்குள் போவதுதான் ஆபத்து, வாந்தி எடுக்கும்போது அதுதான் நடக்கும். உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

நான்காம் படி: நிரப்பி எடுத்து வருவது

கேனை வண்டியிலிருந்து இறக்கித் தரையில் வையுங்கள். சீட்டின் மேலோ, காரின் டிக்கியில் விரிப்பின் மேலோ வைத்து நிரப்பக் கூடாது. பெட்ரோல் வேகமாகப் பாயும்போது நிலைமின்சாரம் சேரும். தரையில் இருக்கும் உலோகக் கேனில் அது தரைக்குப் போய்விடும், விரிப்பின் மேல் இருக்கும் கேனில் தங்கிவிடும். பம்பின் குழாய்முனை கேனின் வாயைத் தொட்டபடி இருக்கட்டும், மெதுவாகப் பிடிக்கச் சொல்லுங்கள்.

கழுத்து வரை நிரப்பாதீர்கள். பெட்ரோல் வெப்பத்தில் நன்றாக விரியும். இருபது டிகிரி கூடினால் பத்து லிட்டர் ஏறக்குறைய இருநூறு மில்லி கூடிவிடும். குறைந்தது ஐந்து சதவீத இடம் காலியாக விடுங்கள், பத்து லிட்டர் கேனில் ஒன்பதரைதான்.

வீட்டுக்கு வரும் வழியில் டீக்கடையில் நிறுத்த வேண்டாம். காரில் என்றால் கண்ணாடியை இறக்கிவிட்டு, கேனை நிமிர்த்திக் கட்டி எடுத்து வாருங்கள். பேருந்து, ரயில் பற்றி யோசிக்கவே வேண்டாம். ரயிலில் ஆபத்தான பொருளைக் கொண்டு போனால் ரயில்வே சட்டத்தின் 164ஆவது பிரிவில் மூன்றாண்டு வரை சிறை.

ஐந்தாம் படி: எங்கே வைப்பது

மற்ற எல்லாப் படிகளிலும் கொஞ்சம் முன்பின் இருக்கலாம், இதில் கூடாது.

எரிவது பெட்ரோலின் ஆவி. மைனஸ் நாற்பது டிகிரி குளிரிலும் பற்றக்கூடிய அளவு ஆவி விடும் திரவம் அது. நம் ஊர் வெயிலில் கேட்கவே வேண்டாம். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. மேலே போய்க் கலைந்துவிடாது. தரையோடு தரையாகத் தண்ணீர் போல ஓடி, பள்ளமான இடத்தில் தேங்கி நிற்கும். காற்றில் ஒன்றரை சதவீதம் இருந்தாலே பற்றும். கணக்குப் போட்டால், ஒரு லிட்டர் பெட்ரோல் முழுதும் ஆவியானால் சுமார் 180 லிட்டர் ஆவி வரும். பத்துக்குப் பத்து அறையில் பாதியைத் தீப்பிடிக்கும் காற்றாக்க அது போதும்.

இப்போது நம் வீடுகளைச் சுற்றிப் பாருங்கள். மாடிப்படிக்குக் கீழே மின்மீட்டரும் ஃபியூஸ் கேரியரும் இருக்கின்றன. போர்டிகோவில் தரைக்கு அடியில் சம்ப், அதன் பக்கத்திலேயே பள்ளத்தில் மோட்டார். ஆவி ஓடிப்போய்த் தேங்க ஏற்ற பள்ளம் அதுதான்; காலையில் மோட்டார் சுவிட்சைத் தட்டினால் பொறி. ஸ்டோர் ரூமில் இன்வெர்ட்டர் பேட்டரி. சமையலறையில் அடுப்பு, பூஜை அறையில் விளக்கு. ஃபிரிட்ஜ் தானாக ஓடி நிற்கும்போதும் உள்ளே பொறி வரும். இந்த இடங்களும் இவற்றோடு ஒட்டிய இடங்களும் கணக்கிலேயே வராது. படுக்கைக்குக் கீழே, கார் டிக்கியில், மொட்டை மாடித் தகரக் கொட்டகையில் என்று கேட்பவர்களுக்கும் அதே பதில்தான். பெட்ரோலில் உள்ள மெல்லிய கூறுகள் நாற்பது டிகிரிக்குள்ளேயே கொதிக்கத் தொடங்கிவிடும். கத்திரி வெயிலில் தகரக் கொட்டகைக்குள் அதைவிடச் சூடு. நிழலில் வைத்த கேனையே பிற்பகலில் திறந்தால் ‘புஸ்’ என்று காற்று வரும்.

சரி, எங்கே வைக்கலாம்? வீட்டுச் சுவரோடு ஒட்டாமல், கொல்லைப்புறத்தில், நாள் முழுக்க நிழல் விழும் பக்கம். பெரும்பாலும் வீட்டின் வடக்குப் பக்கம் சரியாக வரும். ஜன்னலுக்குக் கீழே வேண்டாம். சம்ப், கிணறு, சாக்கடை வாய் ஆகியவற்றிலிருந்து தள்ளி இருக்கட்டும். செங்கலை அடுக்கி, மேலே சிமென்ட் ஸ்லாப் போட்டு, முன்னால் இரும்புக் கதவும் பூட்டும் வைத்தால் போதும். காற்றுவழி அவசியம், அதுவும் அடியில் அவசியம். ஆவி கனமானது என்பதால் மேலே மட்டும் ஓட்டை விட்டுப் பயனில்லை. தரைமட்டத்தில் இரண்டு எதிரெதிர்ப் பக்கங்களில் செங்கல் இடைவெளி விடுங்கள், மேலேயும் கொஞ்சம் விடுங்கள். உள்ளே ஒரு தட்டில் மணல் பரப்பி அதன்மேல் கேனை வையுங்கள்.

வெள்ளம் வரும் பகுதி என்றால் இன்னொரு கவலை. பெட்ரோல் தண்ணீரைவிட இலேசானது. நிறைந்த கேனும் வெள்ளத்தில் மிதக்கும், மிதந்து எங்கோ போய் எதிலோ மோதும். 2015 டிசம்பரில் சென்னையில் கார்களே மிதந்தன, ஐந்து லிட்டர் கேன் எந்த மூலைக்கு? வெள்ள மட்டத்துக்கு மேலே மேடை கட்டுங்கள், கைப்பிடியில் சங்கிலி போட்டுக் கட்டிவையுங்கள்.

நமக்கென்றே ஒரு சிக்கலும் உண்டு. புயலுக்காக நாம் பெட்ரோல் வாங்கி வைக்கும் மாதங்களில்தான் தீபாவளியும் கார்த்திகை தீபமும் வருகின்றன. பக்கத்து வீட்டு ராக்கெட் உங்கள் கொல்லைக்குத்தான் வந்து விழும். மதில்மேல் வரிசையாக அகல் விளக்கு எரியும். முடிந்தால் தீபாவளி முடிந்த பிறகே கேனை நிரப்புங்கள். புயல் பெரும்பாலும் நவம்பர், டிசம்பரில்தான் வருகிறது. கார்த்திகை அன்று கொல்லைப் பக்கம் விளக்கு வைக்க வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிடுங்கள். அம்மா கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடிய இடம் எதுவும் இல்லை. பால்கனியும் கூடாது, கீழே பார்க்கிங்கும் கூடாது. நாற்பது குடும்பங்களுக்கு ஒரே மாடிப்படி. ஜெனரேட்டர் வேண்டுமென்றால் சங்கம் சேர்ந்து டீசல் ஜெனரேட்டர் வைக்கட்டும். டீசல் எளிதில் ஆவியாவதில்லை, சட்டமும் அதை வேறு வகுப்பில்தான் வைத்திருக்கிறது.

ஆறாம் படி: பழசாகவிடாமல் சுழற்றுவது

பெட்ரோல் கெடும். மெல்லிய கூறுகள் முதலில் பறந்துவிடும், அதனால் ஸ்டார்ட் ஆகாது. மிச்சம் காற்றோடு வினைபுரிந்து பிசினாகி கார்புரேட்டரின் ஜெட் எனும் சிறு துளையை அடைக்கும். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஒரு அளவைத் தாண்டினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் படியும். எஞ்சின் முதலில் உறிஞ்சுவது அந்த அடித்தண்ணீரைத்தான். நம் கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். இறுக மூடிய கேனில், நிழலில் வைத்தால் மூன்று மாதம் என்று கணக்கு வையுங்கள். அதற்கு மேல் நம்ப வேண்டாம்.

வழி எளிது. கேனில் தேதியை எழுதி ஒட்டுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பெட்ரோலை பைக்கிலோ காரிலோ ஊற்றிவிட்டு, கேனுக்குப் புதுசு வாங்குங்கள். இரண்டு கேன் இருந்தால் மாதத்துக்கு ஒன்றாக மாற்றலாம். ஒவ்வொரு மாதமும் சிலிண்டர் புக் செய்யும் நாளோடு சேர்த்துக்கொண்டால் மறக்காது. பொங்கல் வந்ததும் எல்லாவற்றையும் வண்டிக்கு ஊற்றித் தீர்த்துவிடலாம். கோடைக்கு இருப்பே வேண்டாம்.

ஃப்யூயல் ஸ்டெபிலைசர் என்று ஒரு சேர்மம் விற்கிறார்கள். வேலை செய்யும், ஆனால் புதுப் பெட்ரோலில் கலந்தால்தான். கெட்டுப்போனதை அது மீட்காது. இரண்டு மாதத்தில் மாற்றுகிறவருக்கு அது வீண் செலவு.

சந்தேகம் இருந்தால் கொஞ்சத்தைச் சிறிய கண்ணாடிக் குப்பியில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். கருத்திருந்தாலோ, வார்னிஷ் போலப் புளித்த வாடை வந்தாலோ, அடியில் தனி அடுக்காக ஏதாவது நின்றாலோ எஞ்சினில் ஊற்றாதீர்கள்.

ஜெனரேட்டரையும் மறக்க வேண்டாம். அணைக்கும்போது சுவிட்சைத் தட்டாமல் பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, அது தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். கார்புரேட்டரில் மிச்சம் நிற்காது. புயல் அன்று கயிறு இழுத்து இழுத்துத் தோள் கழன்றுபோவதற்கு முக்கியக் காரணம் போன வருடத்துப் பெட்ரோல் கார்புரேட்டரில் காய்ந்து கிடப்பதுதான்.

மண்ணெண்ணெய் கலந்து ஓட்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு. 1990களில் பொருளாதாரத் தடை இருந்த யாழ்ப்பாணத்தில் சில சொட்டுப் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியே மக்கள் ஆண்டுக்கணக்கில் காலம் தள்ளினார்கள். அது பழைய கார்புரேட்டர் வண்டிகளின் காலம். இன்றைய பிஎஸ் 6 வண்டியின் இன்ஜெக்டரில் அந்த வித்தை எடுபடாது, பம்பும் சென்சாரும் போய்விடும்.

ஏழாம் படி: கேனிலிருந்து ஊற்றுவது

வைத்திருப்பதைவிட ஊற்றும் நேரம்தான் ஆபத்தானது. 2012 மார்ச்சில் பிரிட்டனில் டேங்கர் ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்யப்போவதாகப் பேச்சு வந்தது. ஜெர்ரி கேனில் கொஞ்சம் பெட்ரோல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று அமைச்சர் பிரான்சிஸ் மோட் யோசனை சொன்னார். அடுத்த ஓரிரு நாளில் யார்க் நகரில் ஒரு பெண், வீட்டுச் சமையலறையில் கேனிலிருந்து ஒரு ஜாடிக்குப் பெட்ரோலை மாற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கேஸ் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஆவி பற்றி, உடலில் கடுமையான தீக்காயம். அவர் அடுப்பின் மேல் பெட்ரோலை ஊற்றவில்லை. ஆவியே அடுப்பைத் தேடிப் போனது. வேலைநிறுத்தமோ கடைசிவரை நடக்கவே இல்லை.

அதனால் வெளியில், பகலில், காற்றோட்டத்தில் ஊற்றுங்கள். ஜெனரேட்டரை அணைத்துக் குறைந்தது பதினைந்து நிமிடம் ஆறவிடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே ஊற்றினால், சூடான சைலன்சரில் ஒரு சொட்டு விழுந்தாலும் கதை முடிந்தது. இரவில் தீர்ந்துபோகும் என்று தெரிந்தால் வெளிச்சம் இருக்கும்போதே நிரப்பிவிடுங்கள். டார்ச் பிடிக்க ஆள் இல்லாமல், மெழுகுவத்தியை வைத்துக்கொண்டு ஊற்றியவர்களின் செய்தி ஒவ்வொரு மின்வெட்டுக் காலத்திலும் வரும்.

உலோகப் புனல் பயன்படுத்துங்கள், கேன், புனல், டேங்க் மூன்றும் ஒன்றையொன்று தொட்டபடி இருக்கட்டும். டியூபை வாயில் வைத்து உறிஞ்சி இழுக்கும் நம் மெக்கானிக் பாணி வேண்டாம். நூறு இருநூறு ரூபாய்க்குக் கைப்பம்பு கிடைக்கிறது.

ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ, ஜன்னல் ஓரத்திலோ வைக்கக் கூடாது. அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். வெளி லைனைத் துண்டித்து வீட்டை ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாமல் வீட்டு பிளக்கில் செருகவும் கூடாது. கரண்ட் கம்பத்துக்குத் திரும்பி ஏறும், மேலே மின்வாரிய ஊழியர் வேலை செய்துகொண்டிருப்பார்.

எட்டாம் படி: சிந்தினால், பற்றினால்

சிந்தினால் மணலோ மண்ணோ போட்டு உறிஞ்சவிட்டு, அந்த மண்ணைத் திறந்த வெளியில் பரப்பிக் காயவிடுங்கள். தண்ணீர் விட்டுச் சாக்கடைக்குத் தள்ளினால் ஆபத்து தெருமுழுக்கப் போகும். அந்த நேரத்தில் எந்த சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். சட்டையில் பட்டால் வெளியிலேயே கழற்றிவிட்டு உடம்பைக் கழுவுங்கள்.

கேன் வைத்திருப்பவர் வீட்டில் உலர் பொடித் தீயணைப்பான் ஒன்று இருக்க வேண்டும். அதைக் கேனுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். பற்றினால் எடுக்கவே முடியாது. கொல்லைக் கதவுக்கு உட்புறம் மாட்டுங்கள். எரியும் பெட்ரோலில் தண்ணீர் ஊற்றினால் பெட்ரோல் தண்ணீர்மேல் மிதந்து தீயோடு பரவும். தீ சிறியது என்றால் பொடியால் அடியைப் பார்த்து அடியுங்கள். கேனே பற்றிவிட்டால் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வெளியே ஓடுங்கள், தெருவில் நின்று 101க்குப் போன் செய்யுங்கள்.

தீக்காயத்துக்கு ஓடும் தண்ணீர்தான் முதலுதவி. இருபது நிமிடம் விடாமல் ஊற்றி, 108ஐ அழையுங்கள். பேஸ்ட், இங்க், மாவு எதுவும் தடவ வேண்டாம், மருத்துவர் அதைச் சுரண்டி எடுப்பதற்குள் நோயாளி பாடு பெரும்பாடாகிவிடும்.

கெட்டுப்போன பெட்ரோல் மிஞ்சினால் தெரிந்த ஒர்க் ஷாப்பில் கேட்டுப் பாருங்கள். பிரியாத, கொஞ்சம் பழைய பெட்ரோலை எப்படித் தீர்ப்பது என்று அவர்களுக்குத் தெரியும். கிணற்றடியிலும் சாக்கடையிலும் ஊற்றாதீர்கள், நிலத்தடி நீரில் இறங்கினால் அந்த வாடை லேசில் போகாது.

காலிக் கேனையும் நிறைந்த கேனைப் போலவே பூட்டி வையுங்கள். உள்ளே மிஞ்சிய ஆவியும் காற்றும் சேர்ந்து, நிறைந்த கேனைவிட எளிதில் வெடிக்கக்கூடிய கலவையாக இருக்கும். ஓட்டை விழுந்த கேனைப் பற்றவைக்க வெல்டிங் பட்டறைக்குக் கொடுப்பதும், வெட்டிப் பூந்தொட்டி ஆக்குவதும் வேண்டாம். புதுக் கேன் வாங்கிக்கொள்ளுங்கள்.